வெட்டிய நான்கு வரிகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையில் தவறு செய்தவன் நான். அதனால்தான் மூன்று முறை வேறு யாரையோ வைத்துத் தொடங்கிப் பார்த்தேன்.

பிள்ளை வளர்ப்பு என்பது ஒரு

(அடித்துவிட்டேன்.)

2

ஒரு பெண் எழுத்தாளர் எங்கள் நாளிதழின் குடும்பப் பக்கத்தில், தன் மகளை வளர்ப்பதைப் பற்றிப் பதினெட்டு ஆண்டுகள் வாராவாரம் பத்தி எழுதினார். அந்தப் பக்கத்துக்கு உதவி ஆசிரியர் நான். அவர் மகளுக்குப் பல் விழுந்தது முதல் கணக்கில் கோட்டைவிட்டது வரை ஊருக்கே தெரியும்.

ஒரு வாரம், பொய் சொன்ன மகளைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்தியதை எழுதியிருந்தார். அவள் பொய் சொல்லவில்லை, தவறு தன்னுடையதுதான் என்று கடைசி நான்கு வரிகளில் இருந்தது. கடைசி நேரத்தில் ஒரு மெத்தை விளம்பரம் வந்தது. இடம் போதாமல் பத்தியை அடியிலிருந்து வெட்டினேன்; அந்த நான்கு வரிகளும் போயின.

(செய்தியைத்தான் அடியிலிருந்து வெட்டலாம்; பத்தியில் முக்கியமானது கடைசியில்தான் இருக்கும். அது எனக்கு அன்றைக்கும் தெரியும்.)

3

போன மாதம் அந்த மகள் அலுவலகத்துக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். பழுத்துப்போன அந்தப் பத்தியை மேசையில் வைத்தாள்.

"இதுக்கு ஒரு திருத்தம் போடணும் சார். நான் பொய் சொல்லல. கூடப் படிச்சவங்க இன்னமும் புளுகுணின்னுதான் கூப்பிடறாங்க."

"அம்மா உங்கிட்ட ஒண்ணும் சொல்லலையாம்மா?"

"எதை?"

(இங்கே நான் உண்மையைச் சொல்லிவிடுவதாக ஒரு வரைவு உண்டு. நன்றாகவே வந்திருந்தது. நடந்தது: "பார்க்கலாம்மா" என்று அனுப்பிவைத்தேன்.)

4

மறுநாள் எழுத்தாளர் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் வெட்டினேன்னு உங்க பொண்ணுகிட்டச் சொல்லிடறேன் மேடம்."

"நீங்க பேப்பர்லதான வெட்டினீங்க? வீட்ல சொல்ல வேணாம்னு என்னை யார் தடுத்தா?" தலையணை உறை ஒன்றைப் பிரித்து மறுபடி மடித்தார். "எழுதினதும் மனசு லேசாயிடுச்சு. நீங்க வெட்டினது எனக்குச் சௌகரியமாப் போச்சு."

பிறகு அவரே மகளைப் போனில் அழைத்தார். அரைமணி நேரத்தில் அவள் வந்தாள். வெட்டியது நான் என்று வாசலிலேயே சொன்னேன். என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தாள்.

"உக்காரு," என்றார் அம்மா.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

5

திருத்தம் அந்த வாரமே வந்தது. உள்ளே பேசியதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மகள் அழுகிறாள். ஒன்றில் அம்மா. இன்னொன்றில் மகள் எழுந்து போய்

மகளுக்குப் போன் செய்து, எழுதட்டுமா என்று கேட்டேன்.

"கதவு வரைக்கும் எழுதிக்கோங்க சார். எங்க வீட்டுக்குள்ள நடந்ததைப் பதினெட்டு வருஷம் எல்லாரும் படிச்சாச்சு."

ஆகவே இதற்குமேல் எனக்கும் அனுமதி இல்லை. வாருங்கள், படியிறங்குவோம்.