தில்லையடியில் இரண்டு நிமிடம்

2024 ஜூலை 10, புதன்கிழமை, பிற்பகல் நான்கு மணிக்கு முல்லைத்தீவு மாவட்டம் நீராவிப்பிட்டியில் ஹலீமின் வெள்ளை வானுடைய நான்கு சில்லுகளுக்கும் காற்று அடிக்கப்பட்டது.

மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குள் அந்த வான் தெற்குக் கரையிலுள்ள காலி நகருக்குப் போய்ச் சேரவேண்டும். ஹலீமின் மகள் அஸ்னாவுக்குக் காலியில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. பதிவு வியாழக்கிழமை மட்டும்தான். இரண்டு மணிக்குப் பிறகு வருபவரின் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். அடையாள அட்டை, பெற்றோரின் வருமானச் சான்றிதழ், அனுமதிக் கடிதத்தின் மூலப்பிரதி ஆகிய மூன்றும் கையில் இருக்கவேண்டும். சான்றிதழில் கடைசிக் கையொப்பம் புதன்கிழமை மூன்றரைக்குத்தான் விழுந்தது. கடிதம் வீட்டில் இல்லை. அது புத்தளத்தில் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஊரைவிட்டுப் போய்ப் புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்த குடும்பம் அது. ஹலீமும் மனைவி மஸீனாவும் திரும்பி வந்து முள்ளியவளையில் பிளாஸ்ரிக் சாமான் கடை போட்டார்கள். மஸீனா ராத்தா என்று அழைக்கும் அக்கா றிஸானா புத்தளம் தில்லையடியிலேயே இருந்துவிட்டார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. உயர்தரம் படிப்பதற்காக அஸ்னா இரண்டரை வருடம் அந்தப் பெரியும்மாவின் வீட்டில் இருந்தாள். பரீட்சை விண்ணப்பத்தில் அந்த வீட்டு முகவரியையே எழுதினாள். திங்கட்கிழமை கடிதமும் அங்கேதான் வந்தது.

பயணத் திட்டத்தைப் பாலன் எழுதினார். அடுத்த வீட்டுக்காரரான பாலன் பதினாறு வருடம் முல்லைத்தீவுக்கும் கொழும்புக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டியவர். இரண்டாவது சாரதியாகத் தானும் வருவதாக அவரே சொல்லியிருந்தார். பிஸ்கட் பெட்டி மட்டையொன்றைக் கிழித்துக் கதிரையின் கைப்பிடியில் வைத்துக்கொண்டு எழுதினார்.

"விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுறம். மாங்குளம் நாலே முக்கால். வவுனியா அஞ்சு நாப்பது. அங்க ஹலீம் நானா பள்ளியில தொழுவார், நான் பிளேன்ரீ குடிப்பன். இருபது நிமிசம். அனுராதபுரம் ஏழு. புத்தளம் எட்டே கால்."

"ஃபோன் புத்தளத்துக்கு ஏழே முக்கால் எண்டு காட்டுது, மாமா," என்றாள் அஸ்னா.

"உன்ர ஃபோன் மதவாச்சி றோட்டில படுத்திருக்கிற மாட்டைக் கண்டிருக்குதோ, பிள்ளை?"

அவர் தொடர்ந்து எழுதினார். புத்தளத்தில் கடிதத்தை எடுக்க ஐந்து நிமிடம். பிறகு சிலாபம், நீர்கொழும்பு, அதிவேகப் பாதை. காலிக்குப் பன்னிரண்டே முக்கால்.

"ஒண்டேகால் மணித்தியாலம் கையில நிக்குது. இதுக்கு மேல என்ன வேணும்?"

ஹலீம் மட்டையை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, மேலிருந்து கீழாக வாசித்தார்.

"இதில ஒரு பிழை இருக்கு."

"எங்க?"

"புத்தளத்தில அஞ்சு நிமிசம் எண்டு எழுதியிருக்கிறீர்."

குசினி அடுப்படியில் மஸீனா சிரித்தது கேட்டது.

ஹலீம் விரலை மடக்கி எண்ணிக் காட்டினார். தில்லையடியிலிருந்து நீர்கொழும்பு வரை அந்த வீதியோரத்தில் அவர்களுடைய சொந்தக்காரர் வீடுகள் பதினொன்று. ஒரு வீட்டுக்குள் போய் மற்ற வீட்டுக்குப் போகாமல் விடமுடியாது. எந்த வீட்டுக்குப் போனாலும் சாப்பிடாமல் வெளிக்கிட முடியாது.

"ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலம் பிடிப்பம்," என்றார் பாலன்.

"தேத்தண்ணி வைக்கவே அது காணாது. நோன்புப் பெருநாளுக்கு ஒரு ராத்திரி தங்கப் போய் நாலாம் நாள்தான் திரும்பி வந்தம். அதாலதான் இண்டைக்குப் போய் அங்க படுக்கிற கதையை நான் எடுக்கேல்லை."

அஸ்னா தீர்ப்புச் சொன்னாள். "அப்ப ஆருக்கும் தெரியாமப் போவம். பெரியும்மாவுக்கு மட்டும் தெரிஞ்சாக் காணும்."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். குசினியில் மட்டும் சத்தம் நின்றிருந்தது. மேசையில் கிடந்த மஸீனாவின் ஃபோன் ஒருதரம் அதிர்ந்தது. உடனே இன்னும் மூன்று தரம் அதிர்ந்தது.

"மஸீனா," என்றார் ஹலீம். "ஆருக்கும் சொன்னனீரோ?"

"நான் ஏன் சொல்லப்போறன்? துஆச் செய்யச் சொல்லித்தான் போட்டனான்."

"எங்க போட்டனீர்?"

"குறூப்பில."

அந்தக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எண்பத்துமூன்று பேர் இருந்தார்கள். மஸீனாவின் செய்தியில் பிள்ளையின் பதிவு, பயணம், புறப்படும் நேரம், புத்தளம் வழியாகப் போவது எல்லாமே இருந்தன. விபரம் இல்லாமல் இறைவனிடம் எப்படி துஆச் செய்வது என்று அவர் கேட்டார்.

முதலில் அழைத்தவர் பாலாவியில் இருக்கும் ஹலீமின் தம்பி ஜவ்பர்.

"நானா, ஆடு அறுத்தாச்சு."

"நாங்கள் நிக்க நேரமில்லையடா."

"ஆர் நிக்கச் சொன்னது? இருந்து சாப்பிடுங்கோ."

பிறகு மதுரங்குளியிலிருந்து மருமகன் முறையான நவ்பர் அழைத்தான். சிலாபத்திலிருந்து ஒரு மாமி அழைத்து, வட்டிலப்பத்துக்கு முட்டை உடைத்துக்கொண்டே பேசினார். நீர்கொழும்பிலிருந்து அழைத்த சித்தப்பா முறையான சாச்சா, பகல் சாப்பாடு தன் வீட்டில்தான் என்றும் காலை உணவைப் பற்றித் தான் ஒன்றும் சொல்லவில்லை என்றும் சொன்னார். ஒவ்வோர் அழைப்புக்குப் பிறகும் பாலன் மட்டையில் ஒரு நேரத்தை வெட்டி வேறொன்றை எழுதினார். காலி போய்ச் சேரும் நேரம் இரவு எட்டு மணியில் வந்து நின்றது.

"என்ர இடம் போச்சு," என்றாள் அஸ்னா. அவள் அப்போது சிரிக்கவில்லை.

பாலன் மட்டையைத் திருப்பினார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

"பிள்ளை, நான் பதினாறு வருசம் பஸ் ஓடினனான். வவுனியாவில மாமியார் வீடு, தம்புள்ளையில தங்கச்சி வீடு. ஒருநாள் இறங்கினனானோ? அவையள்தான் றோட்டுக்கு வந்து நிப்பினம். சோத்துப் பாசலை யன்னலுக்குள்ளால தருவினம், நான் 'பாம்' எண்டு கோர்னை அடிச்சுப்போட்டுப் போவன். இதுக்கும் பஸ் ஹோல்ட் போடுவம்."

பதினொரு வீடுகள் ஐந்து தரிப்பிடங்களாயின. இரண்டு மூன்று வீடுகள் ஒரே இடத்துக்கு வரவேண்டும். ஒரு தரிப்பிடத்துக்கு இரண்டு நிமிடம். வானிலிருந்து யாரும் இறங்கமாட்டார்கள். அஸ்னா அதைத் தட்டச்சுச் செய்து, இடங்களையும் நேரங்களையும் வரிசையாகப் போட்டு, குழுவுக்கு அனுப்பினாள். மனவருத்தம் வரும் என்று ஹலீம் எதிர்பார்த்தார். பத்து நிமிடத்துக்குள் பாலாவிக்காரரும் மதுரங்குளிக்காரரும் யார் முந்தி நிற்பது என்று சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ரிக்கற் எங்கே எடுப்பது என்று ஒருவர் கேட்டார். பஸ்ஸில் யன்னல் சீற் தனக்கு வேண்டும் என்றார் இன்னொருவர்.

தில்லையடியிலிருந்து மட்டும் பதில் வரவில்லை. அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு றிஸானாவின் குரல்பதிவு வந்தது. அதை அவர்கள் இரண்டு தரம் போட்டுக் கேட்டார்கள்.

"கடிதம் அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடக்கு. திறப்பு என்ர இடுப்பில கிடக்கு. றோட்டில வைச்சு யன்னலுக்குள்ளால குடுக்க அது என்ன கச்சான் கடலை சுத்தின கடதாசிச் சரையோ? பிள்ளை வீட்டுக்குள்ள வந்து, பாயில இருந்து, சாப்பிடட்டும். திறப்பு தன்ர பாட்டில வெளிய வரும்."

"ராத்தா சொன்னாச் சொன்னதுதான்," என்றார் மஸீனா.

"ரெண்டரை வருசம் பிள்ளைக்குச் சோறு போட்டவா," என்றார் ஹலீம். "அவாவோட நான் எந்த வாயால சண்டை பிடிக்கிறது?"

பாலன் கணக்குப் பார்த்தார். றிஸானா வீட்டில் முக்கால் மணித்தியாலம் போனால், மற்றத் தரிப்பிடங்களும் போக இருபது நிமிடம் மிஞ்சும். நீர்கொழும்பு நகரத்து நெரிசல் அதைத் தின்றுவிடும்.

அஸ்னா பேனையை வாங்கி, முக்கால் மணித்தியாலம் என்பதை வெட்டி, 'தில்லையடி 2 நிமிடம்' என்று எழுதினாள். "பெரியும்மாவோட நான் கதைக்கிறன்," என்றாள்.

வியாழக்கிழமை அதிகாலை 4.07க்கு வான் புறப்பட்டது. ஏழு நிமிடம் பிந்தியதற்குக் காரணம் மஸீனா குடை எடுக்கத் திரும்பிப் போனது. வவுனியாவில் ஹலீமும் மஸீனாவும் அஸ்னாவும் தொழுதார்கள். பாலன் பிளேன்ரீ குடித்தார். மதவாச்சிக்குக் கிட்ட வீதியில் ஆறு மாடுகள் படுத்திருந்தன. பாலன் அஸ்னாவைத் திரும்பிப் பார்த்தார்.

தில்லையடிக்கு 8.19க்கு வந்தார்கள். றிஸானாவின் வீடு கொழும்பு வீதியிலிருந்து நூறு மீற்றர் உள்ளே இருந்தது. வாசல் படலையடியில் அவர் நின்றார். அறுபது வயது, மெலிந்த உயரமான பெண். இடுப்பில் திறப்புக்கோர்வை தெரிந்தது. திறந்த கதவுக்குள்ளால் பாயும், கவிழ்த்து வைத்த ஐந்து சோற்றுக் கோப்பைகளும் தெரிந்தன. இடியப்பமும் இறைச்சிக் கறியும் வாசலுக்கே மணத்தன.

அஸ்னா இறங்கி ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தாள்.

"மெலிஞ்சு போனாய். வா, கையைக் கழுவு."

"பெரியும்மா, இஞ்ச இருந்து சாப்பிட்டா இரண்டு மணிக்குப் போகேலாது. இடம் போயிடும்."

"சாப்பிடாமப் போனா மட்டும் படிப்பு ஏறுமோ?"

"சாப்பிடுறன். ஆனா வானுக்குள்ள. நீங்கள் உங்கட கையால என்ர வாயில தீத்துங்கோ."

"நான் எப்பிடித் தீத்துறது? வான் போய்டுமே."

"நீங்களும் ஏறுங்கோ."

றிஸானா வானைப் பார்த்தார். "எங்க வர?"

"காலிக்கு."

"காலிக்கோ? அடுப்பில கறி கிடக்கடி."

"கறியும் வரட்டும். பெரியும்மா, ரெண்டரை வருசம் என்னைப் பள்ளிக்கூட வாசலில கொண்டுபோய் விட்டது ஆர்? மழைக்கும் விட்டனீங்கள், காய்ச்சலோடயும் விட்டனீங்கள். இந்த வாசலுக்கு மட்டும் நான் தனியப் போறதோ?"

 றிஸானா இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தார்.

"அபாயாவை மாத்திக்கொண்டு வாறன். உந்தப் பஸ்காரனை கோர்ன் அடிக்க வேண்டாமெண்டு சொல்லு."

பாலன் கோர்ன் அடிக்கவில்லை. மணிக்கூட்டை மட்டும் பார்த்தார். றிஸானா வெளியே வர ஒன்பது நிமிடம் எடுத்தது. ஒரு கையில் பிளாஸ்ரிக் உறைக்குள் கடிதம், மறு கையில் இடியப்பப் பெட்டி. கறிச்சட்டியை மஸீனா தூக்கி வந்தார். வான் கொழும்பு வீதிக்கு ஏறிய பிறகுதான், குளியலறைச் செருப்போடு வந்துவிட்டதை றிஸானா கண்டுபிடித்தார். திரும்பிப் போக அவரே சம்மதிக்கவில்லை.

பாலாவியில் ஜவ்பரும் வேறு இரண்டு குடும்பங்களும் வரிசையாக நின்றார்கள். ஜவ்பர் ஆட்டுக்கறிச் சோறு நிரம்பிய ஒரு பிளாஸ்ரிக் வாளியை யன்னலுக்குள்ளால் தள்ளினார். உள்ளே றிஸானாவைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"மச்சி, உங்களுக்கு மட்டும் ஆர் ரிக்கற் தந்தது?"

"என்னட்டை சீசன் ரிக்கற் கிடக்கு," என்றார் றிஸானா.

மதுரங்குளியில் நவ்பரைக் காணவில்லை. பாலன் இரண்டு நிமிடம் நின்று, கோர்ன் அடித்து, வெளிக்கிட்டார். மூன்று கிலோமீற்றர் போன பிறகு பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் விடாமல் கோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. ஹாண்டிலில் இரண்டு பைகள் தொங்கின. "மாமா, ரைம் ரேபிளில ஒம்பது மணி எண்டுதானே போட்டனீங்கள், இப்ப எட்டு அம்பத்தெட்டு!" என்று நவ்பர் கத்தினான். தவறு பாலனுடையது. அவர் வானை நிறுத்தி மன்னிப்புக் கேட்டு, பைகளை வாங்கிக்கொண்டார்.

றிஸானா அஸ்னாவுக்குத் தீத்தினார். ஹலீம் வானை ஓட்டத் தொடங்கிய பிறகு, பாலனிடமும் ஒரு கோப்பை இடியப்பத்தை நீட்டினார். "பிடியும், தம்பி. கோர்ன் அடிக்காததுக்கு ஒரு துண்டு இறைச்சி கூடுதலா." சிலாபத்தில் வட்டிலப்பம் ஏறியது. நீர்கொழும்பில் சாச்சா தந்த புரியாணிப் பாசல்களை வைக்க இடமில்லாமல் மஸீனா மடியில் அடுக்கினார். அதே நீர்கொழும்பில் வான் நாற்பது நிமிடம் ஊர்ந்தது. ஹலீம் மூன்று தரம் கடிதம் எங்கே என்று கேட்டார். மூன்று தரமும் றிஸானா உறையைத் தூக்கிக் காட்டினார்.

வான் அதிவேகப் பாதையில் ஏறியது. றிஸானா முகத்தை யன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்.

"என்ன றோட்டிது? ஒரு கடை இல்லை, ஒரு சனம் இல்லை."

"ஒரு சொந்தக்காரரும் இல்லை," என்றார் ஹலீம். "எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு."

"மாடும் இல்லை," என்றார் பாலன். "இதுக்கு என்னத்துக்கு றைவர்?"

1.34க்குக் காலியில் நுழைவாயிலுக்கு வந்தார்கள். மாணவர் ஒருவருடன் ஒருவர்தான் உள்ளே போகலாம் என்று காவலர் சிங்களத்தில் சொன்னார். பாலன் மொழிபெயர்த்தார். ஹலீம் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். மஸீனா அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ராத்தா, நீங்கள் போங்கோ."

"வாப்பா நிக்க நானோ?"

"கடிதம் உங்கட கையிலதானே கிடக்கு," என்றார் ஹலீம்.

அஸ்னாவும் றிஸானாவும் வாசலைக் கடந்து போனார்கள். குளியலறைச் செருப்பு நடைபாதையில் சத்தம் போட்டது. வெளியில் பாலன் வானின் பின்கதவைத் திறந்தார். காவலருக்கும், மட்டக்களப்பிலிருந்தும் பதுளையிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிவந்து வெயிலில் நின்ற பெற்றோருக்கும் பாசல்களைக் கொடுத்தார். வாளி வெறுமையாகியது.

அஸ்னாவின் பதிவு 1.52க்கு முடிந்தது. அவளுடைய பதிவிலக்கம் 164. கடையை வெள்ளிக்கிழமை திறப்பதாக ஹலீம் வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருந்தார். வான் திரும்பும்போதும் புத்தளம் வழியாகவே வந்தது. கடை செவ்வாய்க்கிழமை திறந்தது.