எடை குறைந்த கடல்

கண்ணாடிக்கடைக்காரரும் அவர் மனைவியும் பத்தொன்பது கப்பல் பயணம் போய் வந்தவர்கள். இதை நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவர்களே சொல்லிவிடுவார்கள். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்த ஆள் எழுத்துப் பலகையில் மூன்றாவது வரியைத் தாண்டுவதற்குள் அவர் ஐந்தாவது பயணத்துக்கு வந்திருப்பார். அந்த அம்மாளுக்குத் திரைச்சீலை தைக்கிற தொழில். அளவெடுக்கப் போன வீட்டில் நாடாவை விரித்ததுமே, "எங்க பதினோராவது கப்பல் சாப்பாட்டு ரூம்ல இதே அளவு ஜன்னல்தான்" என்று ஆரம்பித்துவிடுவாள். சொந்தக்காரர்கள் இவர்களைத் தூரத்தில் பார்த்ததும் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவதாகக் கேள்வி.

இருபதாவது பயணத்துக்கு அவள் தன் அக்காவையும் கிளப்பினாள். கிளப்பினாள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அதற்கு ஆறு வருஷம் பிடித்தது.

அக்கா சாதாரணப்பட்டவள் இல்லை. கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க வேலையில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவள். சந்தையில் அவளுக்குப் பெயரே "பத்து கிராம்". பத்து கிராம் குறைந்தாலும் பொட்டலத்தைக் கையில் வாங்கும்போதே கண்டுபிடித்துவிடுவாள். கல்யாணப் பேச்சின்போது தங்கை தன் வயதில் ஒன்றரை வருஷத்தைக் குறைத்துச் சொன்னதற்கு எட்டு மாதம் அவளோடு பேசவில்லை. பொய் என்றால் அவளுக்கு அப்படி ஆகாது.

ஆனால் தண்ணீர் என்றால் பயம். நிறைந்த வாளிக்குக்கூட ஓரடி தள்ளி நிற்பவள். ஆறு வருஷத்துக்கு முன் புருஷன் போன பிறகு அந்தப் பயம் தண்ணீரோடு நிற்கவில்லை. பேருந்துக்குப் பயம், மின்தூக்கிக்குப் பயம், தெருமுனைக்குப் பயம். வீட்டை விட்டு வெளியே வருவதே நின்று போயிற்று. சந்தையே பார்த்து நடுங்கிய அக்கா, ஒரு நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத் தங்கைக்குப் பொறுக்கவில்லை. வாராவாரம் போய்க் கெஞ்சினாள், அழுதாள், மிரட்டினாள். கடைசியில் அக்கா ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒரே தடவை வர்றேன். எனக்குப் பிடிக்கலைன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் என்னை எங்கேயும் கூப்பிடக் கூடாது. தண்ணி தெரியாத ரூமா எடு."

தண்ணீர் தெரியாத அறை சுலபம். ஜன்னலுக்குப் பணம் கொடுப்பவர்கள் புது ஆட்கள், அனுபவசாலிகள் உள் அறைதான் எடுப்பார்கள் என்பது கண்ணாடிக்காரரின் பத்தொன்பது பயணத்துச் சித்தாந்தம். எனவே கீழே இரண்டு, மேலே ஒன்று எனக் கட்டில் போட்ட, சுவரைத் தவிர வேறெதுவும் இல்லாத அறைக்குள் மூவரும் ஒரு நாலு மணிக்கு நுழைந்தார்கள். நாலு நாள் பயணம், நடுவில் ஒரு தீவு.

நுழைந்ததுமே தங்கைக்குச் சுருக்கென்றது. துண்டில் வேறு ஏதோ கப்பலின் பெயர் இருந்தது. குளியலறைக் கதவைச் சாத்தினால் விளக்கு அணைந்தது. வழியில் பார்த்த நீச்சல் குளத்தில் தண்ணீருக்குப் பதில் நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். "நம்ம ஏழாவது கப்பல் இதுக்கு அரண்மனை" என்று கண்ணாடிக்காரர் காதோடு சொன்னார்.

அக்கா பெட்டியைத் திறக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணை இறுக மூடியிருந்தாள். சங்கு முழங்கியது. அறை அதிர்ந்தது. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது.

தங்கை என்னவென்று பார்க்க வெளியே ஓடினாள். இறங்குகிற படி இன்னும் கரையோடுதான் இருந்தது. "இன்ஜின்ல ஒரு பாகம் போயிடுச்சும்மா. புதுசு வந்துதான் கப்பல் நகரும். ரெண்டு நாள் ஆகலாம். இறங்கணும்னா இப்பவே இறங்கிக்கலாம்" என்றார் படிக்கருகில் நின்ற ஊழியர்.

தங்கை அந்தப் படியைப் பார்த்தாள். இதைச் சொன்னால் அக்கா அடுத்த நொடி படியில் இருப்பாள், அடுத்த மணி அந்த நாற்காலியில் இருப்பாள். அத்தோடு கதை முடிந்தது. ஆனாலும் அக்காவிடம் பொய் சொல்ல முடியுமா? சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் அறைக்குத் திரும்பினாள்.

அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"கெளம்பிடுச்சா?"

தங்கை வாயைத் திறப்பதற்குள் அக்கா இன்னொரு கண்ணையும் திறந்தாள். கட்டிலை விட்டுக் கையை எடுத்தாள். தரையில் ஒரு காலை வைத்துப் பார்த்தாள், மறு காலையும் வைத்தாள்.

"அவ்வளவுதானா? இதுக்கா நான் இத்தனை வருஷம் பயந்தேன்?"

சிரித்தாள். ஆறு வருஷமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு, பல் அத்தனையும் தெரிய.

"ஆமாக்கா, அவ்வளவுதான்" என்றாள் தங்கை. அவள் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. மேல் கட்டிலிலிருந்து தலையை நீட்டிய கண்ணாடிக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார், நிலைமையைப் புரிந்துகொண்டார், மறுபடி படுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் பட்ட பாடு இருக்கிறதே! சாப்பாட்டு அறைக்கு அக்கா வருவதற்குப் பத்து நிமிஷம் முன்பே தங்கை போய்த் திரைகளை இழுத்து மூடி, காற்றில் விலகாமல் ஊக்கு குத்திவிடுவாள். "எனக்கு வெயில் ஆகாது" என்று பரிமாறுகிறவரிடம் காரணம் சொல்வாள். ஊக்குக்கு அந்தப் பக்கம் துறைமுகக் கிடங்கும், மூட்டை ஏற்றும் வண்டிகளும், டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கப்பலை வேடிக்கை பார்க்கும் தொழிலாளர்களும் இருந்தார்கள். அதில் ஒருவர் தங்கைக்குக் கையாட்டப் பழகிவிட்டார்.

கேப்டனின் அறிவிப்புகளைக் கண்ணாடிக்காரர் பார்த்துக்கொண்டார். ஒலிபெருக்கி தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் கரகரக்கும். எல்லோரும் முழிப்பார்கள்.

"என்ன சொல்றார் மாப்பிள்ளை?" என்பாள் அக்கா.

"பாகம் இன்னும் வரலை" என்பதை அவர் பத்தொன்பது பயணக் காதால் வாங்கி, "வலது பக்கம் டால்பின் கூட்டம் போகுதாம்" என்று வெளியே விடுவார். அந்தக் கப்பலைச் சுற்றிப் போன டால்பின்களுக்குக் கணக்கே இல்லை.

அக்காவின் சந்தேகங்கள்தான் ஆளைக் கொன்றன.

"நடுக்கடல்ல போன் எப்படி இவ்வளவு நல்லா எடுக்குது?"

"கப்பல்லயே டவர் வச்சிருக்காங்க."

"காக்கா கத்துற சத்தம் கேக்குதே?"

"அது கடல் காக்கா" என்றார் கண்ணாடிக்காரர், கண்ணை இமைக்காமல். "கொஞ்சம் பெருசா இருக்கும்."

எடைக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டியதை மோந்தே கண்டுபிடித்த அக்கா இதை நம்பினாள் என்றால், அவளுக்கு நம்ப வேண்டியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். துறைமுகத்துக் கிரேன் கப்பல்மேல் இடிக்கும்போதெல்லாம் "அலை!" என்று சொல்லி ஒரு வாந்தி மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். மூவருக்கும் நாலு நாளைக்கு என்று கொண்டுவந்த மாத்திரைகள் துறைமுகத்திலேயே தீர்ந்தன.

அனுபவசாலிகள் இருவருக்கும் அந்தக் கப்பல் நரகம். சூப் ஆறியிருந்தது. மந்திரவாதி மூன்றே வித்தைகள் வைத்திருந்தார், அதில் ஒன்று தவறிப் போகும். அக்காவுக்கோ சொர்க்கம். மந்திரவாதியின் புறா சொன்ன பக்கம் பறக்காதபோது எழுந்து நின்று கைதட்டினாள். இரண்டாம் நாள் மத்தியானம் நடன வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அக்கா, நீயா?"

"நடுக்கடல்டி! நம்மளை யாரு பாக்கப் போறா?"

ஆடினாள். அறுபத்தெட்டு வயதில், இடுப்பில் முந்தானையைச் செருகி, இடது என்றால் வலதும் வலது என்றால் சுழற்சியுமாக ஆடினாள். இருநூறு அடி தள்ளிப் பேருந்து நிலையத்தில் நடத்துனர்கள் விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். தாளம் சரியாகத்தான் இருந்தது. தங்கை ஒரு கையால் திரையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பயமும் தாங்கவில்லை. தெரிந்தால் இந்த முறை எட்டு மாதத்தோடு போகாது.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குச் சங்கு முழங்கியது.

"ஏன் திடீர்னு ஊதறான்?"

"எதிர்ல ஒரு கப்பல் வருது, வழி கேக்கறான்" என்றார் கண்ணாடிக்காரர். கப்பல் நிஜமாகவே கிளம்பிவிட்டது.

அன்றைக்குக் கடலுக்கு என்ன கோபமோ, பதினோரு மணிக்கெல்லாம் அறையின் ஒரு சுவர் தரையாகவும் தரை சுவராகவும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டது. மாத்திரை ஒன்றுகூட இல்லை. இருபதாவது பயணத்துக்காரர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் விழுந்தார்கள்.

அக்கா கதவு நிலையைப் பிடித்தபடி இருவரையும் பார்த்தாள்.

"என்னடி இது? ரெண்டு நாளா நல்லாத்தானே இருந்தீங்க? அதே கடல்தானே?"

"கொஞ்சம்... காத்து அதிகம்கா."

"பத்தொன்பது தடவை போனவங்களாம்!" அக்கா இருவர் நெற்றியையும் ஈரத்துணியால் துடைத்தாள், பையை மாற்றினாள். "ரூம் நாறுது. நான் மேல போய் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன். எனக்குத்தான் பழகிடுச்சே."

போய்விட்டாள். மேல்தளத்துக்கு! தனியாக! தங்கைக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது, தலையைத் தூக்கினால் உலகம் கவிழ்ந்தது.

அப்போதுதான் கதவிடுக்கு வழியாக ஒரு காகிதம் உள்ளே வந்து விழுந்தது. தலைப்பு கட்டிலிலிருந்தே தெரிந்தது. "துறைமுகத்தில் ஏற்பட்ட இரண்டு நாள் தாமதத்துக்கு வருந்துகிறோம்."

"என்னங்க! அதை எடுங்க!"

"நான் இறங்கினா திரும்ப ஏற மாட்டேன்" என்றது மேல் கட்டில்.

தங்கை உருண்டு கீழே விழுந்தாள். காகிதம் நாலடி தூரத்தில் இருந்தது. முழங்காலில் தவழ்ந்தாள். கப்பல் சாய்ந்தது, காகிதம் அந்தப் பக்கம் போனது. இவள் அந்தப் பக்கம் போனாள், அது இந்தப் பக்கம் வந்தது. கடைசியில் விரல் நுனி அதன் ஓரத்தைத் தொட்டபோது கதவு திறந்தது.

அக்கா நின்றாள். கொண்டை அவிழ்ந்து முடி நாலு பக்கமும் பறந்திருந்தது. புடவை பாதி நனைந்து, கன்னத்தில் உப்பு பூத்திருந்தது.

"அடியே, எவ்வளவு பெருசுடி அது! கண்ணு போற வரைக்கும் போகுது, அப்புறமும் போகுது! ஒரு அலை என் மூஞ்சியிலயே அடிச்சுது, நான் நகரவே இல்லை!" என்றவள் குனிந்தாள். "இது என்ன காகிதம்?"

கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை செய்து கொடுத்த கண்ணாடி. எழுத்து ஒன்றுவிடாமல் தெரியும்.

ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். தீவுக்குப் போகவில்லை, நாளை மாலை அதே துறைமுகத்துக்கே திரும்புகிறோம் என்றும் அதில் இருந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றாமலே தங்கையைப் பார்த்தாள். சந்தையில் போலி எடைக்கல்லைப் பார்க்கிற பார்வை. காகிதத்தோடு வெளியே போனாள்.

"போச்சு" என்றது மேல் கட்டில்.

தங்கை எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. சுவரைப் பிடித்து, கைப்பிடியைப் பிடித்து, முன்பின் தெரியாத ஒருவரின் தோளைப் பிடித்து வரவேற்பு மேசைக்கு வந்து சேர்ந்தாள். அக்கா அங்கே நின்றிருந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. மேசைக்குப் பின்னாலிருந்த பெண், கப்பல் ஆடியதாலா அக்காவாலா தெரியவில்லை, வெளிறிப் போயிருந்தாள்.

"நாலு நாள்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னோம்மா. ஆனா இன்ஜின்..."

"நாலு கிலோ சொல்லிட்டு ரெண்டு கிலோ போட்டா அதுக்கு என்ன பேரு? முப்பத்து நாலு வருஷம் இதுக்காக எத்தனை கடைக்குப் பூட்டு போட்டிருக்கேன் தெரியுமா? புகார் படிவம் குடு."

படிவம் வந்தது. "குறை என்ன" என்ற இடத்தில் அக்கா கொட்டை எழுத்தில் எழுதினாள்: கடல் இரண்டு நாள் குறைவு. "கோரும் நிவாரணம்" என்ற இடத்தில் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த இரண்டு நாள் கடல் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தங்கை அவள் முழங்கையைத் தொட்டாள். "அக்கா, நான் சொன்னது..."

"கடல் காக்காவாம்!" என்றாள் அக்கா. உதட்டை இறுக்கிப் பார்த்தாள், முடியவில்லை, வெடித்துவிட்டாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தங்கையும் சிரித்தாள், அழுதாள், நடுவில் ஒரு தடவை பையைத் தேடினாள். அக்கா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"உன்னைக் கரைக்குப் போய் வச்சுக்கறேன். அடுத்த கப்பல் எப்போன்னு முதல்ல விசாரி."

"சரிக்கா."

"அப்புறம், இந்தத் தடவை ஜன்னல் இருக்கற ரூமா எடு."