602ஆம் எண் இயந்திரத்தின் பாக்கி

லாரல் ஊர் ஃபயர்மேன் எம்மெட் ஸ்கோக்லண்ட், 602ஆம் எண் டீசல் ரயில் இயந்திரத்துக்கு நாற்பத்தொரு டாலர் முப்பத்தைந்து சென்ட் கடன்பட்டிருந்தார். எல்லாம் சீட்டாட்டத்தில் தோற்றது. நீராவி போய் டீசல் வந்தபின் ரயில் ஃபயர்மேனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை இல்லாமல் போனது. ஆனாலும் தொழிற்சங்கத்தோடு ரயில் கம்பெனி போட்ட ஒப்பந்தப்படி இடப்பக்க இருக்கையில் ஒரு ஃபயர்மேன் உட்கார்ந்தே ஆக வேண்டும். டீசல் சுற்றி மின்சாரம் உண்டாக்கும், மின்சாரம் சக்கரத்து மோட்டாரை ஓட்டும், எம்மெட் சும்மா இருப்பார். சலித்துப்போய்ச் சீட்டுக்கட்டைப் பிரித்தார். இயந்திரமும் ஆட வந்தது. எத்தனையாவது சீட்டை இறக்குவது என்று மின்சார அளவுமானியின் முள் காட்டும், ஓட்டுநர் நைகார்ட் எடுத்துப் போடுவார். வண்டி நேரம் தவறாததால் மேலே யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பத்து வருஷம் எம்மெட் தோற்றுக்கொண்டே இருந்தார். ஒருநாள் கடனை அடைக்கக் காசை எண்ணி வைத்தார். அவர் அதைத் திரும்ப எடுக்கும்வரை ஹாரன் ஓயவில்லை. ஆடித்தான் கழிக்க வேண்டும் என்றாகிவிட்டது. அப்புறம் 1961இல், கம்பெனி 602ஐ அதைச் செய்த தொழிற்சாலைக்கே கொடுத்துப் புதியது வாங்கப்போவதாகச் செய்தி வந்தது. மனைவி இங்கா சுட்ட ஆப்பிள் பலகாரத்தை எம்மெட் தொடாமல் தள்ளி வைத்தார்.

"இரும்புதானே. உருக்கினா கடனும் சேந்து உருகிடும்," என்றாள் இங்கா.

"அதுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கே."

அடுத்த வசந்தத்தில் 731 வந்தது. மேலே புதுக்கூடு, அடியில் 602இன் பழைய மோட்டார்கள். விலை குறையும் என்று அப்படித்தான் மாற்றிக் கட்டுவார்கள். எம்மெட் ஏறி உட்கார்ந்ததும், வண்டி இன்னும் நகராமலே, முள் எழுந்து நாற்பத்தொன்றைக் கொஞ்சம் தாண்டி நின்றது. அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை.

அன்றுமுதல் அவர்தான் ஜெயித்தார். காரணத்தை நைகார்ட் கண்டுபிடித்தார்.

"பழசுல உன் முதுகுக்குப் பின்னாடி ஜன்னல்டா மடையா. கையில இருந்த சீட்டெல்லாம் கண்ணாடில தெரிஞ்சிருக்கு. இதுல பின்னாடி வெறும் தகரம்."

எம்மெட் அந்தத் தகரத்தைத் தட்டி, "கள்ளப்பய," என்றார். மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

இரண்டு வருஷம் கழித்து, பில்லிங்ஸ் ஊரைத் தாண்டி எழுபது பெட்டிகளை ஏற்றத்தில் இழுத்துக்கொண்டிருக்கும்போதே முள் இறங்கிச் சுழியத்தில் நின்றது. வண்டி வேகம் குறையவில்லை. பாக்கி தீர்ந்தது. எம்மெட் மறுபடியும் சீட்டைக் கலைத்து அடுத்த ஆட்டத்துக்குப் போட்டார்.