ஆடிச்சுற்றில் வளர்ந்த பிள்ளை

சங்கரன்கோவிலில் சங்கரேஸ்வரியின் மகள் ஆவுடைச்செல்வி நான்கு வயது முடிந்த கையோடு வளர்வதை நிறுத்திக்கொண்டாள். நோய்நொடி ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். மூன்று வருஷமாகக் கவுனில் சாயம் வெளுத்ததே தவிர அளவு மாறவில்லை. பால்பல் ஒன்றுகூட ஆடவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டதில்லை. நான்காவது தடவையாக எல்.கே.ஜி.யில் உட்கார்ந்தவளுக்குப் பாட்டெல்லாம் தலைகீழ்ப் பாடம் என்பதால், மிஸ் லீவு போட்ட நாட்களில் அவளே வகுப்பை நடத்தினாள். கூடச் சேர்ந்த பிள்ளைகளோ இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கரேஸ்வரியைப் பொறுப்பில்லாதவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கணவன் இசக்கித்துரை விசைத்தறியில் நெய்கிற சேலைகளைப் போனிலேயே படம் போட்டுக் கடையநல்லூர், புளியங்குடி, அதைத் தாண்டி துபாய் வரைக்கும் விற்றவள் அவள்தான். வீடு நிமிர்ந்ததே அந்தப் போனால்தான். வலது கை குழம்பைக் கிண்டும், இடது கை விலை சொல்லும். மகள் வந்து முந்தானையைப் பிடித்தால், "செத்த பொறு மக்கா, இந்தா வாரேன்" என்பாள். ஒரு நாளும் அதட்டியதில்லை. பிள்ளையும் தங்கமான பிள்ளை, பொறு என்றால் பொறுத்தாள். தாய்தான் பொறுக்கச் சொன்னதை மறந்துபோவாள்.

திருநெல்வேலி டாக்டர் ரத்தம், எலும்பு எல்லாம் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். தெருப் பெண்கள் சொன்னபடி கோவில் புற்றுமண்ணை உடம்பெல்லாம் பூசியாயிற்று. பிள்ளை உருவம் பதித்த வெள்ளித் தகடு வாங்கி உண்டியலில் போட்டாயிற்று. தனக்கு நரை விழுந்து முதுகு கூனும்போதும் இவள் இடுப்பிலேயே இருப்பாளோ என்று சங்கரேஸ்வரி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். கடைசியில், பிள்ளையைச் சுமந்துகொண்டு ஆடிச்சுற்று சுற்றுவதாக நேர்ந்துகொண்டாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய பிறகு கோவிலை நூற்றெட்டு முறை சுற்றுவது அங்கே வழக்கம். எண்ணிக்கை தவறாமலிருக்க மற்றப் பெண்கள் முந்தானையில் புளியங்கொட்டை முடிந்துகொண்டு வந்தார்கள். சங்கரேஸ்வரி போனைக் கொண்டுவந்தாள். சுற்றுக்கு ஒரு தட்டு. எண்ணுவதற்கு மட்டும்தான் வந்திருக்கிறோம் என்பது போனுக்குத் தெரியுமா? ஆடி வியாபாரம் வேறு கொடிகட்டிப் பறந்தது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் அவள் நாலு சேலை விற்றாள்.

அப்படி நடக்கையில்தான் பிள்ளை, "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றது. "செத்த பொறு மக்கா" என்றாள் சங்கரேஸ்வரி. எதிர்வெயில் கண்ணில் குத்தியதால் போனில் எழுத்துத் தெரியாமல், தற்செயலாகப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வைத் துளி புருவத்துக்கு மேலே அப்படியே நின்றிருந்தது. இமை கொட்டவில்லை. காற்றில் எழும்பிய முடி எழும்பியபடியே இருந்தது. பிள்ளை பொறுத்துக்கொண்டிருந்தது. சங்கரேஸ்வரி நடையை நிறுத்தினாள். "சொல்லுட்டி, என் ராசாத்தி, சொல்லு" என்றாள். துளி இறங்கியது, முடி படிந்தது, பிள்ளை வாயைத் திறந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடிக்க, அவள் அதை அணைத்து இடுப்பில் செருகினாள். எண்ணிக்கையும் அதோடு போயிற்று. போனால் போகட்டும் என்று நடந்தாள்.

செல்வி மூன்று வருஷத்துக்கும் சேர்த்துச் சொன்னாள். வேம்பிலிருந்து விழுந்த அணில் மண்ணைத் தட்டிவிட்டுப் போனதை, காது வலித்த அன்றைக்கு யாரிடமும் சொல்லாததை, அப்பாவின் தறிச் சத்தத்துக்குள் ஒரு பாட்டு ஒளிந்திருப்பதைச் சொன்னாள். சங்கரேஸ்வரி "பொறவு?" என்று கேட்கக் கேட்க, கவுனின் கொக்கிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. கொலுசு இறுகியது, கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். பால்பல் ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. பின்னால் வந்த அலங்காரம்மாள் மற்றப் பெண்களைப் பார்த்து, "ஏ, தள்ளி நடங்கட்டி, பிள்ளை வளருதுல்லா!" என்று சத்தம்போட்டாள். அவர்களும் தள்ளி நடந்தார்கள்.

"நீ சிரிச்சா ஒரு கன்னத்துல மட்டும் குழி விழுதும்மா. எனக்கும் விழுதா? நீ பாத்துச் சொல்லு" என்றாள் செல்வி. சங்கரேஸ்வரி நின்று பார்த்தாள். விழுந்தது. அதைப் பார்க்க இத்தனை நாள் ஆயிற்றே என்று அந்தக் குழியை விரலால் தொட்டாள். அதற்குள் பிள்ளையின் கால் அவள் முழங்காலைத் தாண்டி இடித்தது. "இறக்கி விடும்மா, நான் நடக்கேன்" என்றாள் மகள். மிச்சச் சுற்றுகளைக் கைகோத்துப் பேசிக்கொண்டே நடந்தார்கள். அவை எத்தனை என்று அம்மனும் கேட்கவில்லை.

இப்போதும் சங்கரேஸ்வரி போனில்தான் சேலை விற்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து பிள்ளை தூங்கும்வரை போன் பீரோ மேலே கிடக்கும். கடையநல்லூர் வாடிக்கைக்காரி மீரா பீவி, சாயங்காலம் போனை எடுக்கவில்லை என்று இரண்டு நாள் கோபித்துக்கொண்டு, மூன்றாம் நாள் காலையிலேயே கூப்பிட்டு அரை டஜன் சேலை எடுத்தாள்.

ஆடிச்சுற்று முடிந்த அன்று சாயங்காலம் கோவில் வாசலில் மொபெட்டோடு நின்ற இசக்கித்துரை, ஏழு வயதுப் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏட்டி, இது நம்ம செல்வியா?"

"பின்ன யாராம்? வளந்துட்டா."

அவன் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான். மகள் வழக்கம்போல் முன்னால் ஏறி நிற்க, எதிரே ஒன்றும் தெரியவில்லை. "ரோடு மறைக்கி மக்கா, பின்னால ஏறு" என்றான். பின்னால் இரண்டு பேருக்கு இடம் பற்றவில்லை. மகளை ஏற்றி அனுப்பிவிட்டுச் சங்கரேஸ்வரி வீட்டுக்கு நடந்தாள். இடம் பற்றாமல் போனதற்காக ஒரு பெண் அவ்வளவு சந்தோஷப்பட்டதை ரதவீதி அதற்கு முன்பு பார்த்ததில்லை.