சரஸ்வதிக்குப் போட்ட பிளக்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். அந்த அக்டோபரில் ஒக்கலிபுரத்து டி.டி.பி. கடைக்காரர் பழனிச்சாமிக்கும் தெரிந்துபோயிற்று.

ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த முதல் நாள். கோலார் தங்கவயல் தாலாட்டுகளைப் பற்றிய என் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்க மறுநாள்தான் கடைசி. இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. இனிக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பாடம் நடத்தி, சமைத்து, மிச்சமான நேரத்தில் வருஷக்கணக்காக எழுதியது. மாலைக்குள் பைண்டிங்கிற்குக் கொடுத்தாக வேண்டும். காலையிலிருந்து பழனிச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்துக்குத் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவசரத்தில் அவர் நடுவில் ஒரு தடவைகூட சேவ் பண்ணவில்லை.

எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்க அத்தியாயம் முழுவதையும் செலக்ட் செய்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. திடுக்கிட்டதில் அவர் கை கீபோர்டில் எங்கோ பட்டுவிட்டது.

யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது. கம்ப்யூட்டர் ஓடும் சத்தம் கேட்டது. திரை மட்டும் கறுப்பு. மூலையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சிவப்பு பல்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"அது மட்டும் எப்படி எரியுது?" என்றேன்.

பழனிச்சாமி தலையைச் சொறிந்தார். யு.பி.எஸ்ஸில் நாலு பிளக் சொருகலாம்; கரண்ட் போனால் பேட்டரி தாங்குவது இரண்டைத்தான். ஒன்று கம்ப்யூட்டருக்கு, மற்றது திரைக்கு. பூஜைக்காக எல்லாவற்றையும் பிடுங்கித் துடைத்துக் குங்குமம் வைத்தவர், திரும்பச் சொருகும்போது திரையின் இடத்தைச் சரஸ்வதிக்குக் கொடுத்துவிட்டார்.

"போன வருஷம் பூஜை நடுவுல விளக்கு அணைஞ்சிடுச்சு டீச்சர். அதுலேருந்து தொழிலே படுத்துக்கிச்சு. இந்தத் தடவை வெள்ளிக்கிழமை வரைக்கும் அணையாம எரியணும்னு வேண்டிக்கிட்டேன்."

"நல்லா வேண்டினீங்க. பார்க்காமலே சேவ் பண்ணுங்க."

"கை எதுல பட்டுச்சுன்னு தெரியலையே. அழிஞ்சிருந்தா, அழிஞ்சதுதான் சேவ் ஆகும்."

சேவ் பண்ணாவிட்டாலோ பேட்டரி தீர்ந்ததும் காலை முழுக்கச் செய்த வேலை போகும். யு.பி.எஸ். இப்போது மூச்சு விடாமல் கத்தியது.

பல்பைப் பிடுங்குங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. வேண்டுதல் அவருடையது, அதை எந்த முகத்தோடு கேட்பது? கோபமெல்லாம் வடிந்து எனக்கு அழுகை முட்டியது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஸ்வல்ப இருங்க டீச்சர்" என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு எழுந்துபோய், படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பல்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரையைச் சொருகினார்.

படம் இருண்டது, திரை மெல்ல வெளுத்தது. அத்தியாயம் இருந்த இடத்தில், அவர் கை பட்டு விழுந்த ஒரே ஓர் எழுத்து நின்றது. எனக்கு உயிர் போய்விட்டது. அவர் பதறாமல் 'அன்டூ' கொடுத்தார். தாலாட்டுகள் அத்தனையும் திரும்பி வந்தன. சேவ் செய்து, ஃப்ளாப்பியிலும் ஏற்றி முடித்த கொஞ்ச நேரத்தில் பேட்டரி தீர்ந்தது. பழனிச்சாமியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கூச்சப்பட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கரண்ட் வந்ததும் முதல் வேலையாகப் பல்பை ஏற்றினார், பேட்டரி இல்லாத பக்கத்தில். எனக்கு மனசு கேட்கவில்லை.

"நன்றியுரையில இன்னொரு வரி சேர்க்கணும்" என்றேன்.

வழிகாட்டி, தலைமையாசிரியை, என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் கீழே நான் சொல்லச் சொல்ல அடித்தார்: 'எனக்காகச் சற்று நேரம் இருட்டில் இருந்த சரஸ்வதிக்கும், அவளிடம் எனக்காக அதைக் கேட்ட...'

அடுத்தது தன் பெயர் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார். "நம்ம பேரு எதுக்கு டீச்சர், பெரியவங்க படிக்கிற புக்குல."

"போடுங்க பழனிச்சாமி" என்று அதட்டினேன். "போட்டதும் முதல்ல சேவ் பண்ணுங்க."