டபுள் டாக்டர் அளந்த கண்

மாறுகண் அறுவை செய்யும் அந்த டாக்டருக்கு நர்ஸுகள் வைத்த பெயர் டபுள். கண் அவ்வப்போது வெளிப்பக்கம் நழுவும் குழந்தை யார் வந்தாலும், இரண்டு கண்ணிலும் வெளித்தசையைத் தளர்த்திவிட்டால் தீர்ந்தது என்பது அவர் கட்சி. எதிர் அறைக்காரர் சிங்கிள். ஒரே கண்ணில் வெளித்தசையைத் தளர்த்தி உள்தசையை இறுக்கினால் போதாதா, இன்னொரு கண்ணைச் சீண்டுவானேன் என்பார். பன்னிரண்டு வருஷமாகக் கேன்டீனில் இதே சண்டை. தூரத்தில் பார்க்கும்போது மட்டும் அதிகம் நழுவினால் டபுள் வழி, கிட்டத்திலும் அதே அளவு நழுவினால் சிங்கிள் வழி என்று இருவருமே ஒருமாதிரி ஒப்புக்கொண்டதுண்டு. ஆனால் சண்டை ருசி கண்டுவிட்டதே, விடுவார்களா?

ஒருநாள் டபுளிடம் அவர் மனைவி சொன்னாள். "பாப்பா ஜன்னல் வழியா வெளிய பாக்கறப்ப வலது கண்ணு ஒதுங்குதுங்க."

"தினம் நாப்பது கண்ணு பாக்கறவன் நான். என் பொண்ணுக்கு இருந்தா எனக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. ஒன்பது வயது மகளை அவர் பார்ப்பதெல்லாம் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே, ஒரு கை தூரத்தில். மேதாவி அன்றுதான் அவளை ஜன்னல் பக்கம் திருப்பினார். கண் நிதானமாக வெளியே போயிற்று.

கண் எவ்வளவு நழுவுகிறது என்று காட்டும் பட்டகக் கண்ணாடிகளைச் சாப்பாட்டு மேஜையிலேயே பரப்பி அளந்தார். தூரத்தில் முப்பது. கிட்டத்தில் பன்னிரண்டு. பெற்ற மகளுக்கு மாறுகண் என்று தெரிந்த நேரத்தில் ஒரு மனிதனுக்குச் சிரிப்பு வருமா? டபுளுக்கு வந்தது. "நம்ம ஆபரேஷன்தான்!" என்று மேஜையைத் தட்டினார். மனைவி பார்த்த பார்வையை எந்தப் பட்டகத்தாலும் அளந்திருக்க முடியாது.

சொந்தப் பிள்ளைமேல் கத்தி வைக்கக் கை வராது. ஊரில் வேறு ஆளும் இல்லை. மறுநாள் மகளோடு எதிர் அறைக்குப் போய்க் காகிதத்தை நீட்டினார்.

"ரெண்டு கண்ணும். அளவெல்லாம் எழுதிட்டேன். நீ செஞ்சா போதும்."

சிங்கிள் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஒரு மணி நேரம் ஒரு கண்ணை மூடி வெச்சுட்டு அளந்தியா?"

கிட்டத்தில் பார்க்கும்போது குழந்தைகள் பழக்கத்தில் கண்ணை நேரே இழுத்துப் பிடித்துவிடும். ஒரு கண்ணை ஒரு மணி நேரம் மூடிவைத்தால் அந்தப் பிடி தளர்ந்து உண்மை வெளியே வரும். இதைப் பெரிய எழுத்தில் எழுதித் தன் அறைச் சுவரில் ஒட்டியிருப்பவரே டபுள்தான். மூடாமல் அளந்ததற்காகப் போன வாரம் ஒரு நர்ஸை அழவிட்டிருந்தார். அந்த நர்ஸ் இப்போது அதே அறையில், கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்ல... நேரமில்லடா" என்று அசடு வழிந்தார். நேரம் இருந்தது. பன்னிரண்டு வந்த பிறகு மறுபடி அளக்க மனம்தான் இல்லை.

"சிஸ்டர், பாப்பாவுக்கு ஒரு கண்ணை மூடுங்க" என்றார் சிங்கிள். நர்ஸ் கொஞ்சம் கூடுதல் உற்சாகத்தோடுதான் பட்டையை ஒட்டினாள்.

ஒரு மணி நேரம் கழித்துச் சிங்கிள் அளந்தார். தூரத்தில் முப்பது. கிட்டத்திலும் முப்பது. சிங்கிள் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் டபுளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மேஜைமேல் கிடந்த அந்தப் பன்னிரண்டை நம்பி, தன் வீம்புக்கு மகளின் இரண்டு கண்ணையும் எழுதிக் கொடுத்தாயிற்றே என்று தன் காகிதத்தை எடுத்துக் கசக்கினார்.

"நேத்து மட்டும் எப்படிம்மா பன்னண்டு வந்துது?" என்று மகளிடம் கேட்டார்.

"கண்ணு போகப் போகப் புடிச்சு வெச்சேன்பா."

"ஏம்மா?"

"கம்மியா வரவர உங்க மூஞ்சி சிரிச்சுது. அதான் இன்னும் இறுக்கிப் புடிச்சேன். வலிச்சுது."

டபுள் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். சிங்கிள் ஒப்புதல் படிவத்தைத் தள்ளினார். 'ஒரு கண், இரண்டு தசை' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார் டபுள்.

"இனிமே அப்பா முன்னாடி கண்ணைப் புடிக்க வேணாம்மா" என்றார்.

அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்திலேயே, வலது கண் மெல்ல ஒதுங்கிப் போயிற்று.