வெந்தெல் ஏறிய ரயில்

வெந்தெல் பாகோஷ் ஏறி உட்கார்ந்த எந்த ரயிலும் நியார்ஃபாஷ் நிலையத்தை விட்டு நகர்ந்ததில்லை. 1986 நவம்பரில் முதன்முறை ஏறினார். எஞ்சினை இரண்டு தடவை மாற்றினார்கள், மூன்றாவதை அடுத்த சந்திப்பிலிருந்து வரவழைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. நாலு மணி நேரம் கழித்து அவர் ஒரு பீர் வாங்கக் கீழே இறங்கினார், ரயில் அந்த நிமிடமே கிளம்பிப் போய்விட்டது. அடுத்த வாரமும் அப்படியே. பேருந்தில் ஏறிப் பார்த்தார், அது இருமிக்கொண்டு நின்றது. நடந்து போய்ப் பார்த்தார், எல்லைக்கல்லைத் தாண்டியதும் மறுபடி நிலையத்து வாசலுக்கே வந்து சேர்ந்தார். தலைநகரிலிருந்து ஒரு பொறியாளர் வந்து மூன்று நாள் தங்கி, நடைமேடையோரத்தில் இல்கா நடத்தும் கடையில், எண்ணெயில் பொரித்துப் பூண்டு தடவிய லாங்கோஷ் ரொட்டி இருபத்தேழு தின்றுவிட்டு, "சம்பந்தப்பட்ட நபர் பயணம் செய்வதைத் தவிர்க்கவும்" என்று எழுதிக் கொடுத்துப் போனார். அந்தக் காகிதம் இன்னமும் நிலைய அலுவலகத்தில் தொங்குகிறது.

காரணம் ஊருக்கே தெரியும். வெந்தெல் அந்த நிலையத்தில் சிவப்புத் தொப்பிக்காரர். எங்கள் பக்கத்தில் ரயில் தானாகக் கிளம்பாது. சிவப்புத் தொப்பி போட்டவர் நடைமேடையில் நின்று, கைப்பிடி வைத்த பச்சை விளிம்புத் தட்டைத் தூக்கிக் காட்டினால்தான் ஓட்டுநர் கையை அசைப்பார். நியார்ஃபாஷ் நிலையத்தில் பதினோரு வருடமாக ஒரு ரயில்கூடத் தாமதமாகக் கிளம்பியதில்லை. அதற்காக மாவட்டத்தில் கொடுத்த தங்கச் சரிகை வைத்த சிவப்புக் கொடியை வெந்தெல் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஞாயிறுதோறும் துடைப்பார். அந்த அக்டோபரில் அவர் மனைவி பிரோஷ்காவும் ஒன்பது வயது மகள் எமொகேயும் பாயா ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டார்கள். பெட்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு பிரோஷ்காவுக்கு ஞாபகம் வந்தது: புருசனுக்குக் கட்டிய கசகசா நூடுல்ஸ் டப்பா தன் கைப்பையிலேயே இருக்கிறது. இறங்கி ஓடிப்போய் அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினாள். கடிகாரம் 8.42 காட்டியது, ரயில் கிளம்ப வேண்டிய நேரம். இரண்டு நிமிடம் தாமதமாகியிருந்தால் பதினோரு வருடமும் போயிருக்கும். வெந்தெல் தட்டைத் தூக்கினார். பிரோஷ்காவின் ஒரு கால் படியில் இருந்தது, மற்றது இல்லை.

விசாரணையில் வெந்தெல், "பனிமூட்டம், நான் பார்க்கலை" என்றார். அன்று பனி இருந்தது உண்மைதான். விசாரணைக்காரர்கள் பனியின் மேல் பழியைப் போட்டுக் கோப்பை மூடினார்கள். ஆனால் எமொகே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாயாவில் சித்தி வீட்டிலேயே வளர்ந்தாள், சவ அடக்கத்தின்போதுகூட அப்பாவின் பக்கம் நிற்கவில்லை. நவம்பரில் அவளைப் பார்க்கத்தான் வெந்தெல் அந்த முதல் ரயிலில் ஏறினார், பாவம்.

தொண்ணூறுக்குப் பிறகு எல்லைகள் திறந்தன, முதுகுப்பைக்காரர்கள் வந்தார்கள். ஒரு மாதத்துக்கு ஒரே சீட்டு வாங்கி ஐரோப்பா முழுவதும் ரயில் ரயிலாக மாறிப்போகும் பிள்ளைகள். குளிக்காத தலை, கிழிந்த வரைபடம், தலைக்கு மேல் நிற்கும் மூட்டை. வெந்தெல் நடைமேடையிலேயே அவர்களைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போவார். காசு வாங்கமாட்டார். வாசலில் விருந்தாளிச் செருப்பு ஏழு ஜோடி வைத்திருந்தார், போட்டுக்கொள்ளாமல் உள்ளே விடமாட்டார். கொழுத்த பன்றி எலும்புச் சூப்பு, கூடத்துச் சோபா, காலையில் ஒரு மிடறு பிளம் சாராயம். போக முடியாதவர் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு ஆறுதல் என்று ஊரார் நினைத்தார்கள். எமொகேயும் பத்தொன்பது வயதில் அதே மாதிரிச் சீட்டு ஒன்று வாங்கி, பையை மாட்டிக்கொண்டு, தண்டவாளம் எங்கே முடிகிறதோ அங்கே போய் இறங்கிக்கொண்டாள். போர்த்துகலின் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து ஒரே ஒரு படஅட்டை வந்தது. பின்பக்கம் அவளுடைய முகவரி மட்டும், வேறு ஒரு எழுத்துகூட இல்லை.

1997 கோடையில் டென்மார்க்கிலிருந்து வந்த மாரென் என்ற பெண் அவர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனாள். அவள் ரயில் வளைவைத் தாண்டியதும் வெந்தெலின் இருமல் நின்றது. இருபது வருடத்து இருமல்! பத்து நாள் கழித்து வியன்னாவிலிருந்து கடிதம் போட்டிருந்தாள்: தன் தூங்கும் பைக்குள் ஒரு வயதான ஆளின் இருமல் இருக்கிறது, தொந்தரவில்லை, திருப்பி அனுப்ப வேண்டுமா என்று. வெந்தெல் கடிதத்தை நாலு தடவை படித்தார். முழுசாகப் போக முடியாதவர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகலாம் என்று அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு மேற்கே போகிற பிள்ளை யார் வந்தாலும் விடவில்லை. முதலில் நிழலைக் கொடுத்தார். அயர்லாந்துச் சகோதரர்கள் இருவர் அதைத் துண்டுபோல் மடித்துப் பையின் அடியில் வைத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் தன் வாசனையை, புகையிலையும் எஞ்சின் எண்ணெயும் கலந்ததை, ஒரு கொரிய மாணவியிடம் கொடுத்தனுப்பினார். தூக்கத்தை ஒரு போலந்து நர்ஸ் எடுத்துப்போனாள். பாவம் அவள், பாரிஸ் வரை முப்பது மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. எல்லோரிடமும் ஒரே முகவரி. எமொகேயும் தன் வீட்டில் முதுகுப்பைக்காரர்களைத் தங்கவைக்கிறவள்தான். மத்தி மீன் சுட்டுப் போட்டு, பாய் விரித்து, காலையில் கிழக்கே கிளம்புகிற யாராவது ஒருவர் கையில் அப்பா அனுப்பியதைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். நிழல் எட்டு மாதத்தில் திரும்பி வந்தது. வாசனை ஒரு மீன் டப்பாவில் அடைத்து வந்தது. தூக்கம் தொடாமல் வந்தது. கூட ஒரு துண்டுக்கடிதம் இல்லை, ஒரு சொல் இல்லை. கொண்டுவந்த பிரெஞ்சுப் பையன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "இது எங்க வீட்டுது இல்லேன்னு சொன்னாங்க மாமா" என்றான்.

வெந்தெல் மறுபடி அனுப்புவார், அவள் மறுபடி திருப்புவாள். பதினாறு வருடம் இப்படியே ஓடியது. அந்த நிழல் மட்டும் கண்டத்தின் மறுகோடிக்கு ஒன்பது முறை போய்த் திரும்பியிருக்கிறது. ஓரமெல்லாம் நைந்துபோய்விட்டது. இடையில் இணையம் வந்தது. லாங்கோஷ் கடை இல்கா தன் மருமகனைப் பிடித்து வெந்தெல் வீட்டை விருந்தோம்புகிறவர்கள் பட்டியலில் ஏற்றினாள். "அருமையான சூப்பு, சுத்தமான செருப்பு, வீட்டுக்காரருக்கு நிழல் இல்லை, மற்றபடி குறை ஒன்றுமில்லை" என்று ஒருவர் எழுதி நாலு நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

2014-இல் நிழல் ஒன்பதாவது முறையாகத் திரும்பியபோது வெந்தெலுக்கு எழுபது வயது. மார்பில் ஏதோ கட்டி, ஒரு வருடம் தாங்கினால் பெரிய விஷயம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நிழலை மடியில் போட்டுக்கொண்டு இல்காவின் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். இல்கா எண்ணெய்ச் சட்டியை விட்டு வெளியே வந்தாள். அவள் பிரோஷ்காவின் பள்ளித் தோழி, அவளுக்கு வாய் நீளம்.

"யோவ், உனக்கு வெக்கமா இல்ல? கந்தலை எல்லாம் கட்டிக்கட்டிப் பொண்ணுக்கு அனுப்பறே."

"வேற என்னத்த அனுப்பச் சொல்றே?"

"அவ என்ன கேக்கறான்னு உனக்குத் தெரியாதாக்கும். முப்பது வருசமா பூண்டு தடவிக்கிட்டு இங்கேயே நிக்கறேன், எனக்கே தெரியுது. அன்னிக்கு நீ பார்த்தியா, இல்லையா?"

வெந்தெல் நிழலின் நைந்த ஓரத்தை மடித்துவிட்டார். இல்கா கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள்.

"பனின்னு ஊரை ஏமாத்தினே, சரி. ஜன்னல்ல இருந்த குழந்தைய ஏமாத்த முடியுமாய்யா? நீ அவ அம்மாவைப் பார்த்தே. அவ நீ பார்த்ததைப் பார்த்தா. போ, போய்ச் சொல்லு. செத்தப்புறம் சொல்ல முடியாது."

அந்த வாரம் தெல்மு என்ற போர்த்துகீசியப் பையன் வந்தான், ஊருக்குத் திரும்பிப் போகிற வழியில். வெந்தெல் அவனுக்கு இரண்டு தட்டுச் சூப்பு கொடுத்தார், பிறகு அவன் பையைத் திறந்து தரச்சொல்லி வாயை அதன் மேல் வைத்துப் பேசினார். பார்த்தேன் என்றார். படியில் ஒரு கால் இருந்ததைப் பார்த்தேன், ஏறிவிடுவாள் என்று நினைத்தேன், கடிகாரத்தையும் பார்த்தேன், கொடி போய்விடும் என்று தூக்கினேன். சொல்லி முடித்ததும் தெல்மு பையின் கயிற்றை இறுக்கினான். குரல் உள்ளேயே இருந்துவிட்டது. அதோடு யாரும் எதிர்பாராதபடி அவருடைய எடையும் கூடப் போய்விட்டது. பையைத் தூக்கப் போன பையன் ஐயோ என்று உட்கார்ந்துவிட்டான். நாலு பேர் சேர்ந்து ஏற்றிவிட்டார்கள். வெந்தெலோ காற்றில் பறக்காமலிருக்கச் சட்டைப்பைகளில் தண்டவாள நட்டுகளைப் போட்டுக்கொண்டு நடமாடினார். ஊரார் பார்த்தார்கள், நட்டு வேண்டுமென்றால் பணிமனையில் நிறையக் கிடக்கிறது என்றார்கள்.

குளிர்காலம் முழுவதும் குரல் திரும்பி வரவில்லை. திரும்பாததில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம், எவ்வளவு பயம் என்று சொல்லி மாளாது. ஒவ்வொரு ரயிலுக்கும் வந்து நின்றார். வாயில்லாமல், எடையில்லாமல், விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு. ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரயிலிலிருந்து முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். முதுகில் பை. நடை கோணிக்கொண்டு போனது, அவ்வளவு கனம். ஐந்து நாடு, பதினொரு ரயில் மாறி அதைத் தூக்கி வந்திருந்தாள். தோளில் வார் அறுத்து இரத்தம் கட்டியிருந்தது. பிரோஷ்காவின் நெற்றி அப்படியே. இல்கா கரண்டியைக் கீழே போட்டாள்.

எமொகே பையை அப்பாவின் காலடியில் இறக்கிக் கயிற்றை அவிழ்த்தாள். அவர் உடம்பு நடைமேடையில் அழுத்தமாக ஊன்றியது. குரலும் திரும்பி வந்தது.

"பையில கேட்டேன்," என்றாள். "இப்ப மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."

"பார்த்தேம்மா," என்றார் வெந்தெல். "நல்லாப் பார்த்தேன்."

"தெரியும்."

கொஞ்ச நேரம் இருவரும் அழுதார்கள், தனித்தனியாக. அவர் கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொள்ளவில்லை.

"மன்னிக்கிறதுக்கெல்லாம் நான் வரலை அப்பா. ஏத்தி விடத்தான் வந்தேன். என் வீடு அங்க பூட்டிக் கிடக்கு, இந்தாங்க சாவி. கடல் தெரியும், பக்கத்து வீட்டுக்காரி நல்லவ, மருந்து வாங்கித் தருவா. நீங்க அங்க இருங்க. நான் இங்க அம்மா பக்கத்துல இருக்கேன். ஒரே கூரைக்குக் கீழ நம்மளால முடியாது."

"நீ இல்லாத ஊர்ல எனக்கு என்னம்மா வேலை?"

"வர்றவங்களுக்குச் சூப்பு வைங்க. அதான் உங்களுக்கு வருமே."

பேரம் பேச அவரிடம் ஒன்றுமில்லை. 8.42 ரயில் வந்து நின்றது. வெந்தெல் ஏறினார், ஜன்னலோரம் உட்கார்ந்தார், மகள் ஒன்பது வயதில் உட்கார்ந்த அதே பக்கம். இப்போது சிவப்புத் தொப்பி கிங்கா என்ற இளம்பெண்ணின் தலையில் இருந்தது. அவள் தட்டைத் தூக்கினாள். எஞ்சின் முனகியது, நகரவில்லை. பெட்டியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, வெந்தெல் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டார்கள்.

எமொகே கையை நீட்டினாள். கிங்கா ஒன்றும் கேட்காமல் தட்டைக் கொடுத்துவிட்டாள். எமொகே உடனே தூக்கவில்லை. கடைசிப் பெட்டியிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு கதவாக நின்றாள், ஒவ்வொரு படியாகக் குனிந்து பார்த்தாள், கதவைத் தள்ளிப் பார்த்தாள். நாலாவது பெட்டிப் படியில், அன்று ஒரு கால் இருந்த இடத்தில், உள்ளங்கையை வைத்துவிட்டு எடுத்தாள். ஒருத்தரும் இல்லை. ஜன்னலுக்குள் அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரம் 8.44 காட்டியது. தட்டைத் தூக்கினாள், ரயில் நகர்ந்தது.

வளைவு வரை பார்த்துவிட்டு அவள் தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். இல்கா ஒரு லாங்கோஷைக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள். "தின்னுடி, முகம் வாடிக் கிடக்கு," என்றாள். எமொகே வீட்டுக்குப் போய், கண்ணாடிப் பெட்டியிலிருந்த சிவப்புக் கொடியை எடுத்து வாசலில் மிதியடியாகப் போட்டு, அதன் மேல் ஏழு ஜோடிச் செருப்பை வரிசையாக வைத்தாள். வெந்தெல் கடலோர வீட்டுக்குப் பத்திரமாக வந்துவிட்டார் என்று அங்கே தங்கிவிட்டு வந்த ஒரு பிரெஞ்சுக்காரி ஜூனில் சொன்னாள். சூப்பு கொஞ்சம் கரிப்பாம். கடலைப் பார்க்கிற நாற்காலியைப் பின்ஜன்னல் பக்கம், நிலையம் தெரிகிற மாதிரி, திருப்பிப் போட்டிருக்கிறாராம். செப்டம்பரில் அங்கேயே இறந்தார். ஒரு முதுகுப்பைக்காரன் நைந்த நிழலைக் கொண்டுவந்து கொடுத்தான். எமொகே அதைத் திருப்பி அனுப்பவில்லை. பிரோஷ்காவுக்குப் பக்கத்தில், நாலடி தள்ளி, புதைத்தாள்.

அந்த ஏப்ரலிலிருந்து நியார்ஃபாஷில் 8.42 ரயில் 8.44-க்குத்தான் கிளம்புகிறது, யார் தட்டைத் தூக்கினாலும் அதற்கு முன் நகர்வதில்லை. இரண்டு வருடம் தலைநகரிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பிறகு புதிய கால அட்டவணையில் 8.44 என்றே அச்சிட்டுவிட்டார்கள்.